ஏற்காட்டில் கொலுசு நலமா?

அம்மாப்பேட்டை,
சேலம்.
ஐப்பசி 22

அன்புள்ள பழனிக்கு,

உன் பெயரையும் உன் தோட்டத்தையும் சாட்சி வைத்து நாங்கள் ஒரு பொய் சொல்லிவிட்டோம். போன புதன்கிழமை பேரன் தர்ஷன் என் போனை எடுத்து உன்னை அழைத்து, "தாத்தா, கொலுசு சாப்பிட்டதா?" என்று கேட்டானே. நீயும் என்ன ஏது என்று கேட்காமல், "சாப்பிட்டது, சாப்பிட்டது" என்றாயே. அந்தப் பொய்தான். பிறகு நீ விவரம் கேட்டபோது அவன் என் மடியிலேயே உட்கார்ந்திருந்தான். ஏற்காட்டில் மழை எப்படி என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் போனை விட்டுவிட்டு இந்தக் கடிதம்.

எங்கள் நாய் கொலுசு உன் தோட்டத்தில் இல்லை. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டது. ஊசி போடச் சொன்னது நாங்கள்தான். இந்த ஒரு வரியை உனக்கு எழுத எனக்கு ஐந்து வாரம் பிடித்திருக்கிறது.

அது வந்த கதை உனக்குத் தெரியும். மகள் செல்வி ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மழையில் நனைந்துகொண்டு பள்ளிப் பைக்குள் வைத்துத் தூக்கிவந்தாள். செவலை உடம்பு, நான்கு கால்களிலும் கணுவுக்குக் கீழே வெள்ளை வளையம். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை பட்டறையாகக் கொலுசு செய்கிற ஊரில் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பாள்? பன்னிரண்டு வருடம் தறிக்குழிக்குள் என் காலடியில்தான் படுக்கை. மிதி மேலும் கீழும் போகும், நாடா தடதடவென்று ஓடும், அதற்கு ஒன்றும் செய்யாது. தறி நின்றால்தான் எழும். தறி நின்றால் டீ, டீ என்றால் தட்டுவடை. தட்டுவடை செட்டில் வெங்காயம் இருக்கிறது, வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழித்துவிடும் என்று செல்வி எங்கோ படித்துவிட்டு வந்து சண்டை போட்டதிலிருந்து வெறும் தட்டுவடைதான். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வெடி போட ஆரம்பித்தால் குழியைவிட்டு வெளியே வராது. நானும் குழிக்குள் கால் வைக்க இடமில்லாமல் தறியை மூடிவிட்டுக் குகைப் பகுதிக்கு, அலங்கார வண்டிகள் வருகிற வண்டி வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன்.

அதனால் கூலியும் போயிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் நெய்வது வெண்பட்டு வேட்டி. வெள்ளைப் பட்டில் செவலை முடி ஒன்று ஊடையோடு சேர்ந்து போய்விட்டால் கண்ணை உறுத்தும். முதலாளி இரண்டு முறை வேட்டியை விரித்துக் காட்டிக் கூலியில் பிடித்துக்கொண்டார்.

இந்த ஆடியில் அது குழியிலிருந்து அடிக்கடி வெளியே வந்தது. வெடிக்குப் பயம் விட்டுப்போயிற்று என்று நினைத்தோம். பயம் போகவில்லை, தாகம். வாசலில் பசுவுக்கு வைத்த வாளித் தண்ணீரைக்கூடக் குடித்தது. இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுப்பியது. வயதாகிவிட்டது, வெயில் வேறு என்று விட்டுவிட்டோம். பிறகு இளைத்தது. வாயில் ஒரு நாற்றம், மூத்திரச் சந்தில் வீசுமே, அதேபோல். முதலில் பார்த்த மருத்துவர் வயிற்றுப் பூச்சி என்று மாத்திரை கொடுத்தார். மூன்று வாரம் வீணாகப் போனது. அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

பிறகு என் மகன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனான். ஐம்பது கிலோமீட்டர், வாடகைக் கார், வழியெல்லாம் வாந்தி. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 5.2 இருந்தது. நாய்க்கு ஒன்றரைக்குள் இருக்க வேண்டுமாம். சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் அந்த எண்ணே ஏறத் தொடங்கும் என்று அங்கே சொன்னார்கள். கெட்டது திரும்பாது, மிச்சத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சுகமாக ஓட்டலாம் என்றுதான் பார்க்க வேண்டும் என்றார்கள். இதை எதற்கு உனக்கு விவரமாக எழுதுகிறேன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டோம். உப்பில்லாத சோறும் முட்டை வெள்ளைக்கருவும் பிசைந்து வைப்பது என் மனைவி. எலும்பும் கருவாடும் அறவே கூடாது. மருமகள் ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொண்டாள். பின்கழுத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகினால் தண்ணீர் இறங்கிக் கொஞ்ச நேரம் காளைக்குத் திமில்போல் நிற்கும், பிறகு வடிந்துவிடும். தர்ஷன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பான். அந்த ஆறு வாரத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு வாரம் முன்போலவே தட்டுவடைக்கு எழுந்து வந்தது. கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன், கால் வட்டம்.

புரட்டாசி பிறந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. வாயெல்லாம் புண். ஒரு ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். மகன், மருமகள், மனைவி, ஈரோட்டிலிருந்து போனில் செல்வி. வலியோடு வைத்திருப்பது பாவம் என்றான் மகன். இன்னும் ஒரு முறை சலைன் ஏற்றிப் பார்க்கலாம் என்றாள் மருமகள். எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. இனிமேல் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, படுக்கையை நனைக்கிறது, எழுந்து நிற்க முடியவில்லை என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இப்போது சொல்லிப் பயனில்லை. நானாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள்: "நாளைக்கு எனக்கும் இப்படித்தான் கூடி உட்கார்ந்து பேசுவீர்களா?"

பழனி, அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. காது கேட்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். போனில் செல்விகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் "அதுவும் இதுவும் ஒன்றா அம்மா" என்றேன். எவ்வளவு சப்பையான பதில்! அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் விடிந்ததும் திண்ணையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாதாம், மூக்கில் குழாய் சொருகக் கூடாதாம், தறிச் சத்தம் கேட்கிற இடத்தில் கட்டிலைப் போட வேண்டுமாம். கேட்பதற்கு ஒரு வாய்ப்பு வேண்டும் என்று எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இதையெல்லாம் பேசியது கிடையாது. உங்கள் வீட்டில் உண்டா? பிறகு அவளே, "அதற்கு வாய் இல்லை. நேற்று நான் கூப்பிட்டேன், வாலைக்கூட அசைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்" என்றாள். அப்படித்தான் வியாழக்கிழமை ஆயிற்று.

மருத்துவர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, அது அசந்த பிறகு இன்னொன்று. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. கண்கள் மூடாது என்று அவர் முன்கூட்டியே சொன்னார், நல்லவேளை. தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று நான் கத்தியிருப்பேன். குழிக்குப் பக்கத்தில், அதன் பழைய கோணிமேல்தான் நடந்தது. தர்ஷனை அவன் அம்மா பக்கத்து வீட்டில் விட்டுவிட்டாள். நாங்கள் செய்த பெரிய தவறு அது.

புதைப்பதற்கு அம்மாப்பேட்டையில் ஏது இடம்? ஏற்காடு அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் மைத்துனருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மாமரத்துக்குத் தள்ளி நாலடி ஆழம் தோண்டினோம். ஊசி மருந்து உடம்பிலேயே தங்கியிருக்குமாம், நரியோ வேறு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும் என்பதால் ஆழம் முக்கியம். இரண்டு படி உப்பும் போட்டோம். எதிர்வீட்டுக்காரர், "நாய்க்குப் போய் வண்டி வைத்துத் தூக்கிப்போனீர்களாமே" என்றார். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் இருக்கிறது. சண்டையில் பட்ட வீரன் கருந்தேவக்கத்திக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று பெயரும் வெட்டி, இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஆள்களுக்கு வெட்கமில்லை, எனக்கு என்ன வெட்கம் என்று கேட்டிருக்க வேண்டும். வழக்கம்போல் வீட்டுக்கு வந்த பிறகுதான் நாக்கில் வந்தது.

இப்போது தர்ஷன் விஷயம். பக்கத்து வீட்டிலிருந்து வந்தவன் குழியை எட்டிப் பார்த்தான். கோணியும் இல்லை. "கொலுசு சாமியிடம் தூங்கப் போயிருக்கிறது" என்றாள் மருமகள். அன்றிலிருந்து அவன் தூங்க மறுத்தான். ஐந்து வயதுப் பிள்ளை, விளக்கை அணைத்தால் அழுகை. நடு இரவில் அவன் அப்பாவை உலுக்கி எழுப்புவான், எழுந்ததும் "ஒன்றுமில்லை" என்பான். தூங்கினால் திரும்ப வர முடியாது என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்கு இது உறைத்தது. உடனே அந்தப் பொய்யை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்னொரு பொய்யை வைத்தேன்: கொலுசுக்கு உடம்பு சரியில்லை, ஏற்காட்டுத் தாத்தா தோட்டத்தில் குளிர்ச்சியாக இருக்கும் என்று அனுப்பியிருக்கிறோம். நன்றாகத் தூங்கினான். ஆனால் தினமும் பாதி பிஸ்கட்டை எடுத்து டப்பாவில் போட்டுவைத்தான், உனக்குக் கொடுத்தனுப்ப. தீபாவளியன்று வெடிச் சத்தத்தில், "ஏற்காட்டில் தறிக்குழி இருக்கிறதா?" என்று கேட்டான். அடுத்ததாகத்தான் உன்னை அழைத்தது.

அன்று கொலுசுவைப் பற்றிக் கூடத்தில் பேசியபோது இரண்டு பேர் அதைத் தங்களைப் பற்றிய பேச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் ஒருத்தி, பாயில் ஒருவன். இரண்டு பேரும் தூங்குகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவனை அடிவாரத்துக்குக் கூட்டிப்போனேன். கொலுசு செத்துப்போய்விட்டது, உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி பசிக்காது, வலிக்காது, திரும்ப வராது, இந்த மண்ணுக்குள் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். தொண்டையில் ஒன்றும் அடைக்காமல் சொல்லிவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. அவன் மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தான். மழை உள்ளே இறங்குமா என்று கேட்டான். இறங்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பிறகு ஏற்காட்டுத் தாத்தா ஏன் சாப்பிட்டது என்று சொன்னார்?" என்றான். பொய் சொன்னது நான்தான், தாத்தாவுக்கு எதுவுமே தெரியாது என்றேன். நம்பினானா தெரியவில்லை. அடுத்த முறை கேட்டால் நீயும் உள்ளதைச் சொல்லிவிடு. டப்பாவிலிருந்த பிஸ்கட்டை எல்லாம் மைத்துனர் வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தான். இரவில் இப்போதும் எழுப்புகிறான், ஆனால் தண்ணீர் கேட்டு.

தறி ஓடுகிறது. தை முகூர்த்தத்துக்கு ஆறு வேட்டி கேட்டிருக்கிறார்கள். முந்தாநாள் பாவில் ஒரு செவலை முடி தெரிந்தது. எங்கிருந்து பறந்து வந்ததோ. எடுக்கக் கை போயிற்று, எடுக்கவில்லை. முதலாளி பார்த்தால் பிடித்துக்கொள்ளட்டும்.

கடைசியில் வருகிறேன் என்றேன் அல்லவா? உன் டைகர் இப்போதெல்லாம் தொட்டித் தண்ணீரைக் காலி செய்கிறது, மழைக்காலத்தில்கூடத் தாகமா என்று போனில் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கும் பதினொன்று ஆகிறது. எலிக்காய்ச்சல் தடுப்பூசி வருடாவருடம் போட்டாயா? அந்த நோயும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். கால் நொண்டுகிறது என்று மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதே. காப்பிப் பழம் பறிப்பு தொடங்கினால் உனக்கு நேரம் இருக்காது என்று தெரியும். அதற்கு முன்னால் ஒருநாள் அதை இருபது வளைவும் இறக்கிக் கீழே கொண்டுவா. ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவோம், வண்டிக்கு என் மகன் இருக்கிறான். ஒன்றும் இல்லை என்று வந்தால் என்னைத் திட்டிக்கொள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வருவதாக இருந்ததில் மாற்றமில்லை. அம்மாவும் வருகிறேன் என்கிறாள், ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருக்கிறாள். தட்டுவடை வாங்கிவருகிறேன், இரண்டு பாக்கெட். டைகருக்குக் கிடையாது, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை.

உன்,
மாணிக்கம்