திராட்சைத் தோட்டமும் செம்பு மருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்ப் பகுதிகளில் சிறு அளவில் திராட்சைத் தோட்டம் நடத்துவது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை, அத்தகைய தோட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் ஆர்வத்துடன் படித்தேன். இரசாயன மருந்துகளைக் கைவிட்டாலே தோட்டம் நீடித்த வேளாண்மைக்கு மாறிவிடும் என்று அதில் கூறப்பட்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் திராட்சைக்கு முதல் எதிரி, இலையின் அடிப்புறத்தில் வெண்பூசணம் போலப் படரும் அடிச்சாம்பல் நோய். 1870களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்த இந்நோய்க்கு மருந்து கிடைத்ததே தற்செயல்தான். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காதிருக்கப் பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நின்றதைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்டே, அதை ஆராய்ந்து 1885ஆம் ஆண்டில் போர்டோ கலவையை உலகுக்கு அறிவித்தார். இயற்கை வேளாண் விதிகள் இன்றும் அனுமதிக்கும் முக்கிய மருந்து செம்புதான். ஆனால் செம்பு மக்குவதில்லை. மழை கழுவிவிட்டால் மீண்டும் தெளிக்க வேண்டும், கழுவப்பட்டது மேல்மண்ணில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மண்புழுக்களைக் குறைக்கிறது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், ஏழு ஆண்டுகளில் ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு இடக் கூடாது என வரம்பு விதித்தது. மழை மிகுந்த ஆண்டில் அந்த அளவுக்குள் நிற்பது எத்தனை கடினம் என்பது தெளிப்பானைத் தோளில் சுமந்தவர்களுக்குத் தெரியும். களையை மேய்க்க ஆடு விடலாம் என்ற யோசனையும் அக்கட்டுரையில் உள்ளது. நல்ல யோசனைதான், ஆனால் செம்மறியாட்டுக்குச் செம்பு நஞ்சு என்பதை ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

ஆகவே எதைத் தெளிப்பது என்பதைவிட எந்த ரகத்தை நடுவது என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி என்று நான் கருதுகிறேன். ஜெர்மனியில் 1967ஆம் ஆண்டில் கலப்பினம் செய்யப்பட்ட ரீஜென்ட், 1975ஆம் ஆண்டில் உருவான சோலாரிஸ் போன்ற நோய் எதிர்ப்பு ரகங்களுக்குத் தெளிப்பின் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. சோலாரிஸ் மிக விரைவில் பழுப்பதால், கோடை குறுகிய டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளிலும் பரவலாகப் பயிராகிறது. குளிர்காலம் மிகக் கடுமையாக இருக்கும் இடங்களுக்கென அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட ‘மார்க்கெட்’ (Marquette) என்ற ரகம் இருக்கிறது. இவற்றுக்கு நோயே வராது என்று சொல்ல மாட்டேன். மருந்தை அறவே நிறுத்திவிட்டால் எதிர்ப்புத் திறனை மீறும் நோய்க்கிருமிகள் உருவாகக்கூடும் என்பதால் ஓரிரு தெளிப்புகள் தேவைப்படும். உண்மையான இடர் விற்பனையில்தான் இருக்கிறது: ரீஸ்லிங், பினோ நுவார் போன்ற பழைய ஒயின் ரகங்களைப் பெயர் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள் புதுப் பெயரைக் கண்டதும் தயங்குகிறார்கள்.

பின்பனி பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். துளிர் விட்ட பிறகு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இரண்டு டிகிரி இறங்கினாலே இளந்தளிர் கருகிவிடும். 2021 ஏப்ரலில் பிரான்சின் பல திராட்சைப் பகுதிகள் அப்படித்தான் விளைச்சலில் ஒரு பங்கை இழந்தன. மெழுகுத் தீச்சட்டிகளை ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் ஏற்றுவதும், இரவு முழுக்க நீர் தெளித்துத் தளிர்மேல் பனிக்கட்டியை உறையவிடுவதும் பலன் தருபவைதான். ஆனால் முன்னதில் புகையும் செலவும், பின்னதில் பெருமளவு நீரும் போகின்றன. சிறு தோட்டக்காரருக்குச் செலவில்லாத வழிகள் வேறு. குளிர்காற்று நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே பள்ளத்தில் நடாதிருப்பது, சரிவின் அடியிலுள்ள வேலியில் காற்று வெளியேற இடைவெளி விடுவது, கவாத்தைத் தள்ளிப்போட்டுத் துளிர்ப்பைத் தாமதப்படுத்துவது, பனிக்காலம் முடியும்வரை வரிசைகளுக்கு இடையிலான மூடுபயிரைக் குட்டையாக வெட்டி வைப்பது ஆகியவை போதுமான அளவுக்குக் கைகொடுக்கின்றன. புல் உயரமாக இருந்தால் பகல் வெயில் மண்ணுக்குள் இறங்காது, இரவில் மண்ணின் வெப்பம் கொடிக்குக் கிடைக்காது. உயிர்ப்பன்மைக்காக மூடுபயிரை உயரமாக வளரவிடுங்கள் என்ற கட்டுரையின் அறிவுரை துளிர்க்கும் பருவத்துக்குப் பொருந்தாது.

அடுத்த முறை இத்தலைப்பில் எழுதும்போது, நடவுக்கு முன் ரகத்தையும், சரிவு பார்த்து நிலத்தையும் தேர்ந்தெடுப்பது பற்றித் தனிப் பகுதி ஒன்று இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நட்ட கொடி மூன்றாம் ஆண்டில்தான் முதல் அறுவடை தரும் என்பதால், தவறான ரகத்தை நட்டவர் அதை உணர்ந்து திருத்துவதற்குள் பல ஆண்டுகள் வீணாகிவிடுகின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்