'முதல் 2 சதவீத விஞ்ஞானி': எந்தப் பட்டியல், எத்தனை மேற்கோள்?

ஆசிரியருக்கு,

வணக்கம். 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளில் நம் மாவட்டப் பேராசிரியர்' என்ற செய்தி ஆண்டுதோறும் உதகை, குன்னூர் பக்கங்களில் வருகிறது. மலையில் இருந்துகொண்டு மருத்துவ ஆய்வு செய்பவரைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதை 'ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விருது' என்று அச்சிடுவது தவறு. அதற்கு விண்ணப்பமும் கிடையாது, தேர்வுக் குழுவும் கிடையாது. ஸ்டான்போர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடன் பணியாற்றுவோரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் மேற்கோள் கணக்கை, அதாவது ஒருவரின் கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின என்ற கணக்கை, வைத்துப் போடும் எக்செல் அட்டவணை அது. யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம்.

அட்டவணை இரண்டு வகை. ஒன்று வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு. மற்றது ஒரே ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோள்களின் கணக்கு. முதலாவதில் இடம்பெறப் பெரும்பாலும் பல பத்தாண்டு உழைப்பு வேண்டும். இரண்டாவதில் நான்கைந்து ஆண்டு வேகத்திலேயே ஒருவர் நுழைந்துவிடலாம். எந்த அட்டவணை என்பதைத்தான் செய்தி சொல்வதே இல்லை. பெயருக்கு நேரே தன்மேற்கோள் சதவீதத்துக்கும் ஒரு நெடுவரிசை உண்டு. கட்டுரையை எழுதியவரோ உடன் எழுதியவர்களோ அதையே திரும்ப மேற்கோள் காட்டியது எவ்வளவு என்று அதில் தெரியும். அதைக் கழித்த தரவரிசையும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு தரவரிசைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் நிருபர் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பிழை, மோசடி போன்ற காரணங்களால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையும் அண்மைப் பதிப்புகளில் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது, ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒரே எண்ணில் சொல்ல 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இன்டெக்ஸ். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் எதுவரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து கட்டுரைகளின் மேற்கோள் 120, 30, 8, 4, 2 என்றால் எச் 4. 10, 9, 8, 7, 6 என்றால் எச் 5. முதலாமவரின் மொத்தம் 164, இரண்டாமவருடையது 40. ஆக, ஒரு துறையையே திருப்பிப் போட்ட ஒரு கட்டுரைக்கு இந்த அளவுகோலில் தனி மரியாதை இல்லை. பெயர் வரிசையும் இதில் கணக்கில் வராது. உயிர்மருத்துவத்தில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில் 40 பேர் எழுதிய கட்டுரையில் 23ஆவதாக நிற்பவருக்கும் அதே மேற்கோள் முழுசாகச் சேர்ந்துவிடும். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் ஆய்விதழின் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களின் சராசரி மட்டுமே. அதை ஆளின் தகுதியாகக் காட்டவே கூடாது.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது இனிஷியல். 'வி. முத்துக்குமார்' என்பவர் ஓர் இதழில் 'முத்துக்குமார் வி', இன்னொன்றில் 'குமார் வி. முத்து', பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை விரித்த பிறகு 'முத்துக்குமார் வெங்கடேசன்'. தரவுத்தளம் மூன்று பேராக எண்ணிக்கொள்ளும். 12, 11, 10, 9, 8, 7 மேற்கோள் பெற்ற ஆறு கட்டுரைகள் ஒரே பெயரில் இருந்தால் எச் 6. மும்மூன்றாக இரண்டு பெயரில் பிரிந்தால் இரண்டு பக்கமும் 3தான். மறுபக்கம், 'எஸ். கார்த்திகேயன்' போன்ற பெயரில் ஊரார் கட்டுரையெல்லாம் ஒருவர் கணக்கில் விழும். இதைத் தவிர்க்க, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க ஓர்கிட் அடையாள எண்ணை எடுத்து ஒவ்வொரு கட்டுரையோடும் அனுப்ப வேண்டும். பிரிந்த பெயர்களை ஒன்றாக்க ஸ்கோபஸில் கட்டணமில்லாத் திருத்தப் படிவம் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில், ஒருவரின் பக்கத்தில் கட்டுரைகள் தானாகச் சேர்வதை நிறுத்தி, பார்த்து ஒப்புதல் தந்த பிறகே சேரும்படி மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணை மட்டும் நம்பினால் நம் மலையின் ஆய்வே மறைந்துபோகும். குன்னூரில் ஆங்கிலேயர் கால மருத்துவர் மெக்காரிசன் தொடங்கிய சத்துணவு ஆய்வகம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அவருக்குப் பின் இயக்குநரான அய்க்ராய்டு காலத்தில் இங்கே அரிசி பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். நெல்லைப் புழுக்கும்போது பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குவதால், தீட்டிய பிறகும் புழுங்கல் அரிசியில் அது தங்குகிறது என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. பாடமாகிவிட்டதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. போதாததற்கு, 1970க்கு முந்தைய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்கள் ஸ்கோபஸில் பெரும்பாலும் ஏற்றப்படவே இல்லை. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் பண்பு (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவம் எடுக்கக் காரணமான பரம்பரைக் கூறு) இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இந்தியாவில் அந்தப் பண்பைக் காட்டிய முதல் பதிவுகளில் ஒன்று அது. இன்று இங்கே நடக்கும் ரத்தப் பரிசோதனைகளின் வேர் அங்கே இருக்கிறது. புற்றுநோய் மருந்துக் கட்டுரையோடு அதன் மேற்கோளை ஒப்பிடுவது அர்த்தமற்றது, ஏனென்றால் அந்தத் துறையில் எழுதுவோர் கூட்டமே பல மடங்கு பெரிது.

எனவே அடுத்த முறை இத்தகைய செய்தி வெளியிடும்போது, எந்த அட்டவணை, எந்த ஆண்டுப் பதிப்பு, தன்மேற்கோள் எத்தனை சதவீதம், முதல் அல்லது கடைசிப் பெயராக எத்தனை கட்டுரைகள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். கூடவே அவருடைய முக்கியமான ஒரு கட்டுரை எதைக் கண்டுபிடித்தது என்று அவரிடமே கேட்டு இரண்டு வரி போடுங்கள்.

மருத்துவ நூலகர்,
குன்னூர்.