பட்டியலில் எதை ஒட்டலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உதவித்திட்டப் பயனாளிகள் பட்டியலை அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் சகிதம் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டுவது வன்னியில் பலருக்கு உறுத்துவதில்லை. கேட்டால், "ஊருக்கே தெரிஞ்ச விசயம்தானே" என்பார்கள். ஊருக்குத் தெரிந்த தகவலுக்கும் தனியுரிமை உண்டு. கொடுத்த தேவையைத் தாண்டி அது போகக்கூடாது, அவ்வளவுதான். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறித்த நோக்கத்துக்கே தரவு பயன்பட வேண்டும் என்கிறது. அரச நிறுவனங்களும் அதற்குள் அடக்கம்.

2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் சனம் நிரப்பாத படிவம் இல்லை: முகாம், மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், காணாமல் ஆக்கப்பட்டோர் பதிவு. இப்போது எல்லாம் கணினிக்கு ஏறுகின்றன. எந்த அலுவலர் எந்த விபரத்தைத் திறக்கலாம், அது எப்போது அழிய வேண்டும் என்பதை மென்பொருளிலேயே எழுதி வைக்காவிட்டால், சட்டத்தில் உள்ள 'நோக்கம்' கடதாசியோடு நின்றுவிடும்.

பட்டியலை மறைக்கச் சொல்லவில்லை. தெரிவில் பிழை இருந்தால் ஆட்சேபிக்க அது வேண்டும். அதற்குப் பெயரும் விண்ணப்ப இலக்கமும் போதாதா? தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணின் தொலைபேசி எண் எதற்கு?

வாசகர்,
ஒட்டுசுட்டான்.