இன்வர்னஸிலிருந்து சித்தப்பாவுக்கு

இன்வர்னஸ், ஸ்காட்லாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கோத்தகிரியில் வளர்ந்தவனைக் குளிர் என்ன செய்துவிடும் என்று கிளம்பும்போது சொன்னீர்கள். குளிர் பரவாயில்லை, டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுவதுதான் ஆளைச் சாய்க்கிறது.

"அங்கேயும் கிளான் என்று இருக்கிறதாமே, நம்ம குலம், கூட்டம் மாதிரியா?" என்று போனில் கேட்டீர்கள். அதற்குள் சிக்னல் போய்விட்டது. எழுதியே சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் டியூட்டி பட்டியலை எடுத்தால் மெக்கன்சி, மெக்டொனால்ட், ஃப்ரேசர் என்று கிளான் பேர்களாகவே ஓடும். ஒரு நர்ஸம்மா பிறந்ததும் மெக்டொனால்ட், வாக்கப்பட்டதும் மெக்டொனால்ட். "பங்காளி முறை ஆகாதா?" என்று கேட்டே விட்டேன். அந்த அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பேர் ஒன்று, அவ்வளவுதான். அவர் ஸ்கை தீவுக்காரர், எங்களுக்குச் சொந்தமே இல்லை" என்று சிரித்தார்.

நமக்குக் கூட்டம் என்றால் முதல் வேலையே யாரைக் கட்டக்கூடாது என்று சொல்வது. முகம் பார்த்தே இராவிட்டாலும் ஆந்தை கூட்டத்துக்கு ஆந்தை கூட்டம் அண்ணன் தங்கைதான். நம் மலையிலும் அதே கணக்கு: படுகர்கள் ஒரே ஹட்டிக்குள், அதாவது ஒரே ஊருக்குள், பெண் எடுப்பதில்லை; கோத்தர் ஊரில் மூன்று கேரி, அதாவது தெரு, சொந்தக் கேரிக்குள் கல்யாணம் கிடையாது; தோடர்கள் அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் பார்ப்பார்கள். இங்கே கிளானுக்கு அந்த வேலை இல்லை. நிலத்துக்கும் சண்டைக்கும் கட்டிய கட்டு இது. தலைவர் நிலம் கொடுப்பார், வழக்குத் தீர்ப்பார். கூப்பிட்டால் கத்தியோடு போய் நிற்க வேண்டும். அவர் நிலத்தில் குடியிருந்தே அவர் பெயரை வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். நம் பக்கம் பண்ணையாள் பண்ணையக்காரரின் கூட்டத்துப் பேரைச் சொல்லிக்கொள்ள விடுவோமா? இவர்களுக்கு ஆள்பலம் தேவைப்பட்டது என்பதும் உண்டு, சரி.

ஊருக்கு வெளியே கல்லோடன் மைதானம். 1746 ஏப்ரலில் பல கிளான்கள் சேர்ந்து அரசுப் படையிடம் ஒரு மணி நேரத்துக்குள் தோற்ற இடம். புதைமேடுகளில் 1881இல் நட்ட கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிளான் பெயர். ஒன்றில் 'கலந்த கிளான்கள்' என்றே வெட்டியிருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம் அரசாங்கம் தலைவர்களின் தீர்ப்பு அதிகாரத்தைப் பிடுங்கியது. ஆண்கள் மலைநாட்டு உடை உடுத்தவும் தடை, 1782 வரை. காலப்போக்கில் தலைவர்களில் பலர் வெறும் நிலக்காரர்களாகி, ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று தங்கள் பேரைச் சுமந்த குடிகளையே கிளப்பிவிட்டார்கள். பங்காளி வயிற்றில் அடிப்பது நம் ஊரில் மட்டும் இல்லை, சித்தப்பா.

அப்படிக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் கனடாவிலிருந்து வந்து, தங்கள் கிளானுக்குரிய கட்டம் போட்ட துணியைக் கடையில் தேடி வாங்குகிறார்கள். கிளானுக்கு ஒரு கட்டம் என்ற வழக்கமே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. பேர் பொருந்தினால் சந்தா கட்டி கிளான் சங்கத்திலும் சேரலாம்.

சந்தா என்றதும்தான் ஞாபகம் வருகிறது. குலதெய்வம் கோயிலுக்கு இந்த வருஷம் என்னையும் தனித் தலைக்கட்டாக எழுதச் சொல்லுங்கள். வரிப்பணத்தை அம்மா கணக்கில் போட்டிருக்கிறேன். சின்னவளுக்கு வந்திருக்கும் திருப்பூர் இடம் என்ன கூட்டம் என்று விசாரித்தீர்களா? ஜாதகம் வாங்குவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள்.

சித்தியை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
செந்தில்