அட்டவணை வேண்டாம், சாண் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அடியை மீட்டராக மாற்றும் அட்டவணையைப் பார்த்தேன். ஓர் அங்குலம் 2.54 செ.மீ., ஓர் அடி 30.48 செ.மீ. என எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாருக்கும் மீட்டர் பழகாது. மனசுக்குள் அடியில் நினைத்து, பெருக்கிப் பார்த்து, வாயால் மட்டும் மீட்டரில் சொல்கிறவர் கடைசிவரை அடியிலேயேதான் இருக்கிறார். பல வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் பழக்கிவிட்டது ஒரு ஏ4 தாள். அதன் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது அதன்மேல் கையை விரித்து வைத்தேன். கட்டைவிரல் ஓர் ஓரத்தில், சுண்டுவிரல் மறு ஓரத்தில் கச்சிதமாகப் பொருந்தின. ஆக, என் சாண் 21 செ.மீ. அன்றிலிருந்து மேசையோ அலமாரியோ, கையால் அளந்தே சொல்லிவிடுகிறேன். ஐந்து சாணில் 5 செ.மீ. கழித்தால் ஒரு மீட்டர். (உங்கள் சாண் 19 இருக்கலாம், 23 இருக்கலாம். ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் ஆயிற்று.)

அதே தாள் எடைக்கும் உதவும். ஏ4 தாள்கள் 16-ஐ இடைவெளியில்லாமல் பரப்பினால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். கட்டின்மேல் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால், சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று அர்த்தம். 16-ஆல் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ.

நான் சறுக்கியது பரப்பளவில். தரைக்கு டைல்ஸ் கணக்குப் போடும்போது, ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர செ.மீ.தானே என்று எழுதிவிட்டேன். 60-க்கு 60 செ.மீ. அளவுள்ள ஒரே டைல் 36 சதுர மீட்டரை மூடிவிடும் என்று விடை வந்தது! உண்மையில் 100-ஐ 100-ஆல் பெருக்கி 10,000 என்று கொள்ள வேண்டும். அந்த டைல் மூடுவது 0.36 சதுர மீட்டர். 10 சதுர மீட்டர் அறைக்கு, உடைசலைச் சேர்க்காமலே, 28 டைல் வேண்டும். உங்கள் அட்டவணையில் பரப்பளவுக்கென்று ஒரு வரிகூட இல்லை என்பதால் சொல்கிறேன்.

மீட்டர், கிலோ, லிட்டர் என்ற இந்த மெட்ரிக் முறையின் அழகே தண்ணீரில்தான் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 செ.மீ. உள்ள பெட்டி ஒரு லிட்டர் பிடிக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. இது தற்செயல் அல்ல. 1795-இல் பிரான்சில் கிராமை வரையறுத்ததே ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையை வைத்துத்தான். (2019-இலிருந்து கிலோகிராமுக்குப் பிளாங்க் மாறிலி என்கிற, மாறாத ஓர் இயற்பியல் அளவை வைத்து வரையறை சொல்கிறார்கள். நம் வீட்டு வாளிக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.) 10 மி.மீ. மழை என்று செய்தியில் கேட்டால் நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் அந்த 10 மி.மீ. என்பது 1,000 லிட்டர், அதாவது ஒரு டன்.

கைக்கணக்கு கூடவே கூடாத இடமும் உண்டு: மருந்து. 5 மி.லி. என்று எழுதியிருந்தால் கையில் அகப்பட்ட ஸ்பூனில் ஊற்றக் கூடாது. ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும். புட்டியோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும். இன்னொன்று, மி.லி. என்பது நாம் ஊற்றும் திரவத்தின் அளவு, மி.கி. என்பது அதற்குள் கரைந்திருக்கும் மருந்தின் அளவு. வெறுமனே 'அஞ்சு கொடு' என்று சொல்லிவிட்டுப் போனால் எந்த அஞ்சு என்று கேட்டே ஆக வேண்டும்.

அடுத்த முறை அட்டவணை போடும் இடத்தில், பக்க ஓரமாக 10 செ.மீ. அளவுகோல் ஒன்றை நிஜ அளவிலேயே அச்சிடுங்களேன். வெட்டி எடுத்து அவரவர் சாணை அளந்து பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்