இட்டேரியில் கட்டிய படல்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சென்னியப்பனுக்கு,

உன் கடிதமும், கொடுமணலைக் களமாக வைத்து நீ எழுதிய ஆட்டக் கதையின் கையெழுத்துப்படியும் கிடைத்தன. நொய்யல் கரையில் கல்மணி செய்யும் பட்டறையில் தொடங்கி, கரூருக்குப் போகும் வணிகச் சாத்துக்கு ஆட்டக்காரர்களே காவல் போகும்படி அமைத்திருப்பதைப் படித்தபோது, இருபது முகப் பகடை கிடைக்காமல் இருபது சீட்டுகளில் எண் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கிய விடுதி இரவுகள் நினைவுக்கு வந்தன. இதை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தின் விதிகளின்மேல் அமைத்து விற்றால் பின்னால் வம்பு வருமா என்று கேட்டிருக்கிறாய். 2023 ஜனவரியில் நடந்ததை அறிந்த எவரும் கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட திறந்த ஆட்ட உரிமம், அடிப்படை விதிகளை எடுத்து எவரும் நூல் எழுதி விற்கலாம், பங்குத்தொகை எதுவும் தர வேண்டியதில்லை என்றது. இது தானதருமம் அன்று. பிறர் எழுதும் ஒவ்வொரு கதையையும் ஆட விசார்ட்ஸின் விதிநூல் தேவைப்பட்டது. 2008-இல் நான்காம் பதிப்புக்கு இறுக்கமான வேறோர் உரிமத்தைக் கொண்டுவந்தபோது, பைசோ நிறுவனம் பழைய உரிமத்தையே பற்றிக்கொண்டு மறு ஆண்டு பாத்ஃபைண்டர் என்னும் தன் ஆட்டத்தை வெளியிட்டு, அவர்களுக்கே போட்டியாக நின்றது. அந்தப் பாடம் பதினைந்து ஆண்டுகளில் மறந்துவிட்டது போலும்.

2023 தொடக்கத்தில் கசிந்த, அந்த உரிமத்தின் புதிய வரைவு, ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்றது. பிறர் எழுதியவற்றை நிறுவனம் தானும் பயன்படுத்திக்கொள்ளும் என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய உரிமம் இனி ஏற்கப்பட்டது அன்று என்றது. அந்த 25 விழுக்காடு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரையே தொட்டிருக்கும். எல்லோரையும் சுட்டது கடைசி வரிதான். பழைய உரிமத்தில் 'நிலையானது' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற இயலாதது' என்ற சொல் இல்லை. அந்த இடுக்கில்தான் கையை நுழைத்தார்கள்.

எங்கள் தோட்டத்துக்குத் தெற்கே போகும் இட்டேரி உனக்குத் தெரியும். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே ஒரு வண்டி போகும் அகலம். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் அதன் வாயிலில் மூங்கில் படல் ஒன்றை வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டார். கேட்டால், "போக வேண்டாம்னு சொல்லலைங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க" என்றார். அன்று அவர் காசு கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திராது.

ரசிகர்களின் கோபமும் அந்த வகையே. விசார்ட்ஸின் இணையச் சேவையான டி அண்ட் டி பியாண்டின் சந்தாக்களைத் திரளாக ரத்து செய்தார்கள். எந்த நிறுவனத்தின் பிடியிலும் இல்லாத ஆர்க் என்னும் உரிமத்தைப் பைசோ அறிவித்தது. எட்டு மாதத்துக்கென வைத்திருந்த பாத்ஃபைண்டர் விதிநூல் இருப்பு இரண்டே வாரத்தில் தீர்ந்ததாக அந்நிறுவனமே சொன்னது. இதற்கிடையில் விசார்ட்ஸ், ரசிகர்கள் வென்றார்கள், நாங்களும் வென்றோம் என்னும் பொருளில் ஓர் அறிக்கை விட்டது. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற அதைவிடச் சிறந்த வழி கிடையாது. பின் திருத்திய வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்க, 15,000-க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினர்; அதன்கீழ் நூல் வெளியிட விரும்பவில்லை என்றவர்கள் 88 விழுக்காடு. ஜனவரி 27 அன்று வரைவைக் கைவிட்டு, ஏறத்தாழ 400 பக்க அடிப்படை விதி ஆவணம் முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமத்தில் வைத்தார்கள்.

உனக்கு வேண்டியது இதுதான். இட்டேரி கிராமக் கணக்கில் பாதை என்று ஏறிய பிறகு எவரும் படல் கட்ட முடியாதல்லவா, அதுபோல இந்த உரிமத்தின் வாசகம் அவர்கள் கையில் இல்லை. திரும்பப் பெற இயலாதது என்ற சொல்லும் அதில் இருக்கிறது. ஆகவே 5.1 எனக் குறிக்கப்பட்ட அந்த ஆவணத்தில் உள்ள விதிகளை மட்டும் எடுத்துக்கொள். அவர்கள் கேட்கும் நன்றிக் குறிப்பை முதல் பக்கத்திலேயே அச்சிடு. ஆட்டத்தின் பெயரை அட்டையில் போடாதே, வணிகக் குறியீடு இந்த உரிமத்தில் வராது.

இன்னொன்று. மூன்றாம் அத்தியாயத்தில் சாத்து சுமக்கும் பச்சைக்கல் எங்கே வெட்டியது என்று நீ எழுதவில்லை. படியூரைச் சேர்த்து அனுப்பு. அடுத்த ஞாயிறு பிள்ளைகளை வைத்து ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
முத்துச்சாமி