தேருக்கு வரும் உறவுகளே, ஹம் ஸ்டேஷனில் அரை மணி நேரம் நில்லுங்கள்

அன்பான உறவுகளே,

ஒவ்வொரு கோடையிலும் ஜெர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் தேருக்காக எங்கெங்கிருந்தோ வருகிறீர்கள். ரயிலில் வருபவர்கள் இறங்கிய கையோடு பூப்பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, கோயில் இருக்கும் ஊன்ட்ரொப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு ஓடுகிறீர்கள். இந்த ஊரில் வெகுகாலம் இருப்பவன் கேட்கிறேன்: அந்த ஸ்டேஷனையும் கொஞ்சம் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

இலங்கையில் நமக்கு மாகோ சந்தி எப்படியோ, ஜெர்மன்காரருக்கு ஹம் அப்படி. அங்கே யாழ்ப்பாணப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகின்றன. இங்கே டோர்ட்முண்ட், ஹாகன், முன்ஸ்டர், பாடர்போர்ன், ஹனோவர் என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் போகிறது.

இதன் தொடக்கம் 1847. ரைன் ஆற்றில் இறங்கும் சரக்கு ஒல்லாந்து வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும், அங்கே சுங்கம் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க, ரைனையும் ஜெர்மனிக்குள்ளேயே கடலில் சேரும் வேசர் ஆற்றையும் தரைவழியே இணைத்தது கொலோன்–மிண்டன் ரயில் கம்பெனி. வுப்பர் பள்ளத்தாக்கு வழியாகப் போனால் மலையும் செலவும் அதிகம். அதனால் டூயிஸ்பர்க், டோர்ட்முண்ட், ஹம் என்று சமதரையில் வளைந்து போனார்கள். அடுத்த வருடமே முன்ஸ்டர் பாதை வந்து சேர்ந்தது, 1850இல் பாடர்போர்ன் பாதை. லிப்பே ஆற்றங்கரையில் இருந்த சின்ன ஊர் ரயில்காரர்களின் ஊரானது இப்படித்தான்.

நிலக்கரியும் இரும்பும் பெருகப் பெருக, சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டும் பெருத்தது. மேட்டின் மேல் தள்ளிவிட்ட பெட்டி தன் எடையிலேயே உருண்டு போய், தனக்குரிய தண்டவாளத்தில் சேரும். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய யார்டுகளில் இதுவும் ஒன்றாக இருந்தது. அந்தப் பெருமைக்கு ஊர் கொடுத்த விலை பெரியது. இரண்டாம் உலகப் போரில் இந்த யார்டைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பக் குண்டு போட்டார்கள், நகரமும் சேர்ந்து இடிந்தது. குண்டுவீச்சில் வீடு இழந்த நம்மில் பலருக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

1920இல் திறந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. வெளியே வந்ததும் ஒருமுறை திரும்பி நின்று பாருங்கள்.

அப்புறம், எனக்கு மிகப் பிடித்த காட்சி ஒன்று. பேர்லின் போகும் ரயில்கள் பல இங்கேதான் ஒன்று சேர்கின்றன. டூசல்டோர்ஃப், எசன் வழியாக ஒரு பாதி வரும், வுப்பர்டால், ஹாகன் வழியாக மற்றப் பாதி வரும். முந்தி வந்த பாதி பிளாட்ஃபாரத்தில் காத்து நிற்கும். மற்றப் பாதி பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும். மூக்குப் பகுதி திறந்து கொக்கி தெரியும். கடைசி ஒரு மீட்டருக்கு நடை வேகம்கூட இருக்காது. பிறகு ஒரு ‘டக்’. இருக்கையில் இருப்பவருக்கு லேசான அசைவு, அவ்வளவுதான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இந்த முறை திரும்பிப் போகும்போது ஒரு ரயில் முந்தியே ஸ்டேஷனுக்கு வாருங்கள். சேரும் ரயில் எந்தப் பிளாட்ஃபாரம் என்று பலகையில் பார்த்து, கோட்டுக்கு இப்பால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

அன்புடன்,
ஹம் நகரிலிருந்து ஒரு ஈழத்தமிழன்